சார்வாளுக்கு ஒரு நினைவு மலர்: வாசகர் கேள்வி பதில்

நெல்லைப் பக்கம் வாத்தியாரைச் ‘சார்வாள்’ என்றுதான் சொல்வார்கள். நிறைந்த வயதில் காலமான ஆசிரியத் தந்தையரைப் பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில். எழுதியவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

கேள்வி: அப்பா தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். போன வாரம் தவறிவிட்டார். கல்யாணச் சாவுதான், நெய்ப்பந்தம் பிடிக்கவே பதினொரு பேரன் பேத்திகள் இருந்தார்கள். பதினாறாம் நாள் விசேஷத்துக்குள் 48 பக்கத்தில் மலர் போட்டாக வேண்டும் என்று தம்பிகள் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. முடியுமா? (அம்பாசமுத்திரம்)

பதில்: அச்சடிக்க முடியும். உள்ளே போட விஷயம்தான் இருக்காது. துட்டி கேட்க (துக்கம் விசாரிக்க) ஆள் வந்துகொண்டிருக்கும் வீட்டில் உட்கார்ந்து எழுத ஓடாது. ஒன்பது நாளில் 48 பக்கத்தை நிரப்பப் போனால் கடைசியில் சம்பந்தகாரர்களின் அஞ்சலிக் கவிதைகளும், ‘இமயம் சரிந்தது’ வகை வாசகங்களும், ஒரே கல்யாணப் படத்தின் நான்கு கோணங்களும்தான் மிஞ்சும். பதினாறுக்கு ஒரு மடிப்பு அட்டை போதும். மலரை முதலாண்டு நினைவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஏ4 தாளை நடுவில் மடித்தால் நான்கு பக்கம் கிடைக்கும். முதல் பக்கத்தில் படம், பெயர், பிறந்த தேதி, மறைந்த தேதி. இரண்டாம் பக்கத்தில் பிறந்த ஊர், படித்த பள்ளி, பயிற்சி பெற்ற இடம், வேலை பார்த்த ஊர்களும் வருடங்களும். மூன்றாம் பக்கத்தில் குடும்பம். நான்காம் பக்கத்தில் நன்றி. அதன் கீழே, “சார்வாளிடம் படித்தவர்கள் தங்கள் ஊர், படித்த வருடம், நினைவில் உள்ள ஒரு சம்பவம் ஆகியவற்றை எழுதி அனுப்புங்கள்” என்று இரண்டு வரியும் ஒரு கைபேசி எண்ணும். முதலாண்டு மலருக்குப் பாதி விஷயம் இந்த இரண்டு வரியால் வந்து சேரும். தாள் 170 ஜி.எஸ்.எம். (தாளின் கன அளவு) ஆர்ட் பேப்பராக இருக்கட்டும். அதற்கு மெல்லியது கையில் துவளும். 250-க்கு மேல் போனால் மடிப்பில் வெடிக்கும். வீட்டுக்கு ஒன்று என்று கணக்கிட்டால் 300 பேர் வரும் விசேஷத்துக்கு 150 பிரதி தாராளம். அவ்வளவு குறைவான பிரதிக்கு டிஜிட்டல் பிரிண்ட்தான் கட்டும். 500-ஐத் தாண்டினால் ஆப்செட் மலிவு.

விசேஷத்தன்று வருபவர்கள் தங்கள் நினைவை எழுத வாசல் பக்கம் ஒரு மேஜை போட்டு, 200 பக்க லாங் சைஸ் நோட்டும் நூலில் கட்டிய இரண்டு பேனாவும் வையுங்கள். நூல் கட்டாத பேனா பத்து மணிக்குள் எவர் பையிலாவது போயிருக்கும்.

சண்டை வருவது அட்டையின் மூன்றாம் பக்கத்தில். மகன்களை முதலில் போட்டுவிட்டு மகள்களைக் கீழே தள்ளினால் விசேஷ வீட்டிலேயே மனத்தாங்கல். பிறந்த வரிசையில் மகன், மகள் எல்லோரையும் போட்டு, ஒவ்வொருவர் பெயருக்கு எதிரே மருமகளையோ மருமகனையோ எழுதி, பேரப்பிள்ளைகளை அவரவர் பெற்றோருக்குக் கீழேயே கொண்டுவாருங்கள். முன்னால் தவறிப்போன பிள்ளைக்கும் அதே வரிசையில் அதே இடம். பெயருக்கு முன் ‘அமரர்’ போட்டால் போதும். அம்மாவின் பெயரை ‘துணைவியார்’ என்ற சொல்லுக்குள் ஒளித்துவிடாதீர்கள்.

கேள்வி: அப்பாவின் சான்றிதழில் பிறந்த தேதி 1-6-1929. ஜாதக நோட்டில் ‘சுக்ல வருஷம், கொல்லம் 1105, மாசி 12’ என்று இருக்கிறது. எது சரி? வயது 95 என்று போடுவதா, 96 என்றா? (சங்கரன்கோவில்)

பதில்: ஜாதகம்தான் பிறந்த நாள். சான்றிதழில் இருப்பது பள்ளிக்கூடத்தில் சேர்த்த நாளன்று சொன்ன வயது. அந்தக் காலத்தில் ஜூனில் பள்ளி திறக்கும்போது ஐந்து வயது முடிந்ததாகக் காட்ட ஏதோ ஒரு ஜூன் தேதியைச் சொல்லிச் சேர்த்துவிடுவது சாதாரணம். 1-6 என்ற தேதியைப் பார்த்தாலே சந்தேகப்படலாம்.

கொல்லம் ஆண்டை மாற்றுவது எளிது. நம் பக்கத்துக் கணக்கில் அது ஆவணி முதல் தேதி பிறக்கிறது. ஆவணியிலிருந்து டிசம்பர் முடியும்வரை உள்ள நாளுக்கு 824 கூட்ட வேண்டும். ஜனவரியிலிருந்து ஆடி முடிய 825. பலர் வருடம் பூராவும் 825-ஐக் கூட்டிவிட்டு, புரட்டாசியிலும் ஐப்பசியிலும் பிறந்தவர்களுக்கு ஒரு வயதைக் குறைத்துவிடுகிறார்கள். மார்கழி மட்டும் இரண்டு ஆங்கில வருடத்தில் விழும். பதினாறு, பதினேழு தேதிக்குப் பிறகு ஜனவரி வந்துவிடும் என்பதைக் கவனியுங்கள்.

உங்கள் கணக்கில் 1105-உடன் 825-ஐக் கூட்டினால் 1930. சுக்ல வருஷம் 1929 ஏப்ரல் நடுவிலிருந்து 1930 ஏப்ரல் நடுவரை. ஆக இரண்டும் பொருந்துகின்றன. இப்படி இரு கணக்கும் ஒத்துவந்தால்தான் நம்ப வேண்டும். மாசி 12 என்பது 1930 பிப்ரவரி 23 அல்லது 24. ஜாதகத்தில் கிழமை இருக்கும்: ஞாயிறு என்றிருந்தால் 23, திங்கள் என்றால் 24. பிறந்த நேரம் விடியற்காலம் என்றால் இன்னொரு கண்ணி உண்டு. பஞ்சாங்கத்துக்கு நாள் சூரிய உதயத்தில்தான் மாறும். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மூன்று மணி என்று ஜோசியர் எழுதியிருந்தால், ஆங்கிலக் கணக்குக்கு அது திங்கள் விடிகாலை.

மலரில் ஜாதகத் தேதியைப் போடுங்கள். அதன்படி வரும் நிறைந்த வயதையே எழுதுங்கள். நடப்பு வயதை எழுதினால் யாராவது கூட்டிக் கழித்துப் பார்த்துத் தப்பு என்பார்கள். ஆனால் கருவூலத்துக்கு ஜாதகம் தெரியாது. அங்கே போகும் எந்தத் தாளிலும் 1-6-1929தான். 1-ஆம் தேதி பிறந்தவருக்கு 58 வயது ஓய்வு முந்தின மாதக் கடைசி நாளில் வரும் என்பதால், ஓய்வூதியப் புத்தகத்தில் 31-5-1987 என்று இருக்கும். கல்வியாண்டின் நடுவில் ஓய்வு பெறும் ஆசிரியர்கள் அது முடியும்வரை மறுநியமனத்தில் இருப்பதுண்டு; உங்கள் அப்பாவுக்கு ஓய்வே கல்வியாண்டின் முடிவில் வருவதால் அந்தக் குழப்பம் இல்லை.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. சேகரத்தின் (ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபை வட்டாரத்தின்) ஞானஸ்நானப் பதிவேட்டில் பிறந்த தேதியும் பெற்றோர் பெயரும் சேர்ந்தே இருக்கும்; சேகரகுருவிடம் எழுத்தில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். தூத்துக்குடி – நாசரேத் திருமண்டலம் திருநெல்வேலித் திருமண்டலத்திலிருந்து 2003-ல்தான் பிரிந்தது. அதற்கு முந்திய கடிதப் போக்குவரத்து திருநெல்வேலித் திருமண்டல அலுவலகம் உள்ள பாளையங்கோட்டையில் இருக்க வாய்ப்பு உண்டு. ஞானஸ்நானப் பதிவேடு மட்டும் அந்தந்தச் சேகரத்திலேயே இருக்கும்.

கேள்வி: அப்பா எந்தெந்த ஊரில் எந்த வருடம் வேலை பார்த்தார் என்பது எங்களில் யாருக்கும் வரிசையாகத் தெரியவில்லை. எங்கே போய்த் தேடுவது? (ஆலங்குளம்)

பதில்: முதலில் வீட்டுப் பீரோ. பழைய ஆசிரியர்கள் பணிப்பதிவேட்டின் நகல் ஒன்றைத் தங்களிடம் வைத்திருப்பார்கள். அது கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது: பணியில் சேர்ந்த நாள், மாறுதல், ஊதிய உயர்வு, தேறிய தேர்வு, எடுத்த விடுப்பு எல்லாம் அதில் உண்டு. கிடைக்காவிட்டால் ஓய்வூதியக் கோப்பில் மொத்தப் பணிக்காலமாவது இருக்கும்.

அடுத்து பள்ளிகள். ‘அப்பாவைப் பற்றி ஏதாவது இருக்கிறதா’ என்று கேட்டால் தலைமையாசிரியர் உதட்டைப் பிதுக்குவார். எந்தப் பதிவேடு என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். மாணவர் சேர்க்கைப் பதிவேட்டை நிரந்தரமாக வைத்திருப்பார்கள். தலைமையாசிரியராக இருந்தவரின் கையெழுத்தும் கையொப்பமும் பக்கத்துக்குப் பக்கம் இருக்கும். முதல் கையொப்பம் எந்தத் தேதியில், கடைசி எதில் என்று பார்த்தால் அந்த ஊரில் இருந்த காலம் தானாகவே தெரிந்துவிடும். ஆய்வாளர் பார்வைப் புத்தகத்தில் அவர் எடுத்த வகுப்பைப் பற்றி இரண்டு வரி இருந்தால் அது மலரின் மிக நல்ல பக்கம். படம் எடுக்கும்போது பிள்ளைகளின் பெயர், சாதி, மதம் எழுதிய கட்டங்கள் வராமல் எடுங்கள். அவை அச்சேறக் கூடாதவை.

பள்ளியில் எதுவும் இல்லையென்றால் பழைய மாணவர் வீட்டு எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் இருக்கிறது. உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் பச்சை மையில் போட்ட கையெழுத்து, பள்ளி முத்திரை, தேதி மூன்றும் ஒரே இடத்தில். தமிழ்நாட்டில் மேல்நிலை வகுப்பு வந்தது 1978-ல். அதற்கு முன் பள்ளிப் படிப்பு பதினொன்றோடு முடிந்து, பி.யூ.சி. என்ற புகுமுக வகுப்புக்குக் கல்லூரி போக வேண்டும். எட்டாவதோடு இ.எஸ்.எல்.சி. எழுதிவிட்டு ஆதாரப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தவர்களும் உண்டு. இதைத் தெரிந்துகொள்ளாமல் ‘பிளஸ் டூ முடித்து 1949-ல் ஆசிரியப் பயிற்சி’ என்று அச்சடித்த மலர்கள் இருக்கின்றன.

ஊர்ப் பெயரோடு மாவட்டத்தைப் போடும்போதும் நிதானம் தேவை. தூத்துக்குடி தனி மாவட்டமானது 1986 அக்டோபரில். தென்காசி 2019 நவம்பரில். 1962-ல் கோவில்பட்டியில் வேலை பார்த்தவரை ‘தூத்துக்குடி மாவட்டத்தில் பணியாற்றினார்’ என்று எழுதினால் அவர் காலத்து ஆட்கள் சிரிப்பார்கள். ‘அன்றைய திருநெல்வேலி மாவட்டம்’ என்று ஒரு சொல் சேர்த்துவிட்டால் சரி. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் – கொச்சியில் இருந்தது. அங்கே படித்தவர்களின் பழைய தாளில் மலையாள எழுத்தும் கொல்லம் ஆண்டும் வரலாம். தெரிந்தவரிடம் காட்டி வாசித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பழைய மாணவர்களிடம் பேசினால் “நல்லா சொல்லிக் கொடுப்பாக, தங்கமான மனுசர்” என்பதற்கு மேல் எதுவும் வரவில்லை. அடித்ததைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறார்கள். அதைப் போடலாமா? (களக்காடு)

பதில்: கேள்வி பொதுவாக இருந்தால் பதிலும் பொதுவாகத்தான் வரும். ‘சார்வாள் எப்படி?’ என்று கேட்காதீர்கள். எந்த வகுப்பு, எந்த வருடம், எந்தப் பெஞ்சில் உட்கார்ந்தீர்கள், பக்கத்தில் யார், சார்வாள் சைக்கிளை எங்கே நிறுத்துவார், மத்தியானம் எங்கே சாப்பிடுவார், எந்தப் பாடம் எடுக்கும்போது குரல் மாறும் என்று கேளுங்கள். ‘நல்லாச் சொல்லிக் கொடுப்பாக’ என்றவரிடம் ‘பெருக்கலை எப்படிச் சொல்லிக் கொடுத்தாக?’ என்று அடுத்ததைப் போட்டால், புளியமுத்தை ஏழு ஏழாகக் கூட்டி வைத்துத் தரையில் காட்டியது வெளியே வரும். தங்கமான மனுசர் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். புளியமுத்தை ஏழு ஏழாக வைத்தவர் உங்கள் அப்பா ஒருவர்தான்.

காலை பத்து மணி நல்ல நேரம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வயதானவர்களுக்குக் கண் சொக்கும். கைபேசியில் பதிவு செய்யும்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். காதுக்குத் தெரியாத அந்த இரைச்சல் பதிவில் காற்றாகக் கேட்கும். கைபேசியைப் பேசுபவருக்கு ஒரு முழ தூரத்தில், மேஜையின் மேல் நேராக வைக்காமல் மடித்த துண்டின் மேல் வையுங்கள். தொடக்கத்திலேயே தேதி, ஊர், பேசுபவர் பெயர், படித்த வருடம் ஆகியவற்றை உங்கள் குரலில் சொல்லிவிடுங்கள். நாற்பது நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். இன்னொரு நாள் போனால் முதல் நாள் மறந்தது நினைவுக்கு வந்திருக்கும்.

எழுதும்போது “சார்வாள் வாராகன்னா தெருவுல கோலி உருளுத சத்தம் நின்னுரும்” என்று சொன்னதை ‘ஆசிரியர் வருகை தந்தால் வீதியில் அமைதி நிலவும்’ என்று மாற்றிக் கெடுத்துவிடாதீர்கள். அந்த ‘ஆக’விகுதியில்தான் மரியாதையே இருக்கிறது.

அடித்ததைப் போடலாம். அலங்காரம் மட்டும் வேண்டாம். ‘அவர் அடித்த அடியால்தான் நான் ஆளானேன்’ என்ற வரியை வெட்டுங்கள். புளிய விளாரால், எதற்காக, எத்தனை அடி, மறுநாள் என்ன நடந்தது என்று இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். சொன்னவர் இன்னும் மனத்தாங்கலோடு இருந்தால் அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவரிடம் வாசித்துக் காட்டி ஒப்புதல் வாங்கிய பிறகுதான் பெயர் போட வேண்டும்.

கேள்வி: மலர் முழுக்கப் பள்ளிக்கூடமாக இருக்கிறது. எங்களுக்கு அவர் அப்பா. வீட்டு அப்பாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் ‘பாசமானவர்’ என்பதோடு பேனா நின்றுவிடுகிறது. (வீரவநல்லூர்)

பதில்: பாசத்தை எழுத வராது, அவருடைய ஒரு நாளை எழுத வரும். விடிகாலையில் முதலில் எழுந்தது யார், காப்பி யார் போட்டது, எந்த நாற்காலி, வேட்டிக்கு யார் நீலம் போட்டது, சம்பளத்தன்று பணத்தை யார் கையில் கொடுத்தார், ராத்திரி கடைசியாக எந்தக் கதவைத் தாழ்போட்டுப் பார்த்தார். இதை அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள். பிள்ளைகள் எல்லோரும் தனித்தனியே எழுதி ஒப்பிட்டால் மூத்தவருக்குத் தெரிந்த அப்பா ஒருவர், கடைக்குட்டிக்குத் தெரிந்தவர் வேறொருவர் என்று புரியும். இரண்டையும் போடுங்கள், சமாதானப்படுத்தி ஒன்றாக்காதீர்கள்.

வரவு செலவு நோட்டு இருந்தால் விட்டுவிடாதீர்கள். ஆசிரியர் வீடுகளில் அது இருக்கும். ஜூன் மாதப் பக்கத்தைப் பாருங்கள்: பள்ளிக்கூடக் கட்டணம், நோட்டுப் புத்தகம், யார் யாருக்கு எவ்வளவு, அந்த மாதம் எதை நிறுத்தினார், யாரிடம் கைமாற்று வாங்கினார். அந்த ஒரு பக்கத்தை அப்படியே படமாகப் போட்டுக் கீழே மூன்று வரி விளக்கம் எழுதினால் போதும். கல்யாண மொய் நோட்டும் அப்படித்தான். அவர் யாருடன் பழகினார் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி இல்லை. ஆனால் மொய்த் தொகை தெரியும் பக்கத்தை அச்சில் போட வேண்டாம், ஊருக்குள் வம்பு.

இந்த நோட்டுகளை லேமினேட் செய்யக் கூடாது. சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் திரும்பப் பிரிக்க முடியாது, பழைய மையும் பரவும். துரு ஏறிய ஊசிகளைத் தாளைக் கிழிக்காமல் நிமிர்த்தி எடுத்துவிட்டு, பருத்தித் துணியில் சுற்றி, தரையிலிருந்து உயரத்தில் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில்தான் பூஞ்சை வரும். இராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று அதற்கு முன்பும் பின்பும் ஒருமுறை பிரித்துப் பார்க்க வேண்டும். நனைந்தால் வெயிலில் காயப் போடாமல் நிழலில், விசிறிக் காற்றில். கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்கவே கூடாது. முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். வாட்ஸாப்பில் அனுப்பும்போது ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பினால்தான் படம் சுருங்காது.

அச்சுக்குப் போகும் முன் ஒன்று: கைபேசியில் யூனிகோடில் அடித்ததை அச்சகத்தார் தங்கள் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும், ‘ஸ்ரீ’ காணாமல் போகும். மாற்றிய பிறகு எடுத்த தாள் நகலைத்தான் மெய்ப்புப் பார்க்க வேண்டும். பெயர்களை மட்டும் ஒருவர் வாசிக்க இன்னொருவர் கைப்பிரதியில் சரிபார்க்கட்டும். பக்க எண்ணிக்கை நான்கால் வகுபடட்டும். 64 பக்கம்வரை நடுவில் பின் அடிக்கலாம், மேலே போனால் முதுகு ஒட்டும் பைண்டிங். உள்தாள் 80 ஜி.எஸ்.எம். மேப்லித்தோ.

கேள்வி: அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வாங்க என்ன செய்ய வேண்டும்? அப்பா கணக்கில் இந்த மாதப் பணமும் ஏறியிருக்கிறது. (திசையன்விளை)

பதில்: அதை எடுக்காதீர்கள். இறந்த நாள்வரைக்கும் உள்ளதுதான் அவருடையது. மிச்சம் திரும்பப் போக வேண்டும். ஏ.டி.எம்.மில் எடுத்துவிட்டால் அம்மாவின் ஓய்வூதியத்தில் பிடித்தம் வரும். இறப்பை 21 நாளுக்குள் பதியுங்கள். கிராமத்தில் வீட்டில் இறந்தால் வி.ஏ.ஓ.விடம். சான்றிதழில் பெயரின் எழுத்து ஓய்வூதியப் புத்தகத்தில் உள்ளபடியே இருக்கட்டும், ஒரு முதலெழுத்து விட்டுப் போனாலும் அலைச்சல். அந்தப் புத்தகம், இறப்புச் சான்று, அம்மாவின் ஆதார், வங்கிப் புத்தகம், படம் ஆகியவற்றோடு கருவூலத்துக்குப் போங்கள். ஓய்வூதியத்தில் குடும்பப் பாதுகாப்பு நிதிக்குப் பிடித்தம் இருந்திருந்தால் 50,000 ரூபாயும் உண்டு. அம்மாவுக்கு 80 வயது முடிந்தால் 20 சதவீதம், 85-க்கு 30, 90-க்கு 40 என்று கூடுதலாக வரும். அது அம்மாவின் வயதைப் பொறுத்தது. பழைய புத்தகங்களில் மனைவியின் பிறந்த தேதி பெரும்பாலும் இருக்காது. வயதுச் சான்றை இப்போதே சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: அப்பா வேலை பார்த்த பள்ளியில் அவர் பெயரில் ஆண்டுப் பரிசு வைக்க ஆசை. ஒரு லட்சம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறோம். (சேரன்மகாதேவி)

பதில்: 6.5 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் வருடம் 6,500 ரூபாய். 5,000-க்குப் பரிசு கொடுத்து 1,500-ஐ அசலில் சேர்த்தால்தான் பத்து வருடம் கழித்தும் பரிசுக்கு மதிப்பு இருக்கும். வைப்பு நிதியைத் தலைமையாசிரியர் பெயரில் போடாதீர்கள். அவர் மாறுதலாகிப் போவார், புதுப்பிக்க மறந்து அது வங்கியில் கேட்பாரற்றுக் கிடக்கும். பள்ளியின் பெயரிலோ பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் பெயரிலோ போட்டு, ரசீது நகலை வீட்டில் ஒருவர் வைத்திருந்து வருடம் ஒருமுறை விசாரிக்கட்டும். பள்ளி மூடப்பட்டாலோ இணைக்கப்பட்டாலோ பணம் எங்கே போக வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதுங்கள். பிள்ளைகள் குறைந்துவரும் ஊர்களில் இது வெறும் சம்பிரதாயம் இல்லை. முதல் மதிப்பெண்ணுக்குப் பரிசு வைக்க ஊரில் ஏற்கெனவே ஆள் இருப்பார்கள். ஒரு நாளும் விடுப்பு எடுக்காத பிள்ளைக்கோ, தமிழ்க் கையெழுத்துக்கோ வைத்தால் என்ன? அரசுப் பள்ளி என்றால் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி’ திட்டத்தின் வழியாகவும் நன்கொடை தரலாம்.

கேள்வி: முதலாண்டு நினைவைத் திதிப்படி வைப்பதா, தேதிப்படியா? (கடையம்)

பதில்: வீட்டில் செய்யும் சடங்குக்குத் திதி, நாளிதழ் விளம்பரத்துக்குத் தேதி. இரண்டும் ஒன்றாக வராது. அதே தமிழ் மாதத்தில் திதி கிடைத்தால் தேதிக்குப் பத்து, பதினொரு நாள் முன்னதாக வரும். மாதம் தாண்டிவிட்டால் மூன்று வாரம்வரை பின்னால் தள்ளிப் போகும். வருஷப் பிறப்புக்குப் புதுப் பஞ்சாங்கம் வாங்கியதுமே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அச்சகத்தாரிடம் சொல்ல வேண்டியதும் அந்த நாளைத்தான். தேதியைச் சொல்லிவிட்டு வந்தால், மலர்க் கட்டு வந்து இறங்கும்போது திவச வீட்டில் இலை எடுத்து முடித்திருப்பார்கள்.